வாபஸ் வாங்கிய வீட்டுக் கிளைம்: வெள்ளவத்தை வீடு ஒன்றில் நடந்தது

"கிளைமை வாபஸ் எடுத்துவிட்டோம், அப்போ இனி அது இல்லைதானே?" என்று, வீட்டுக் காப்புறுதியில் இழப்பீட்டுக் கோரிக்கையைத் திரும்பப் பெற்றவர்களில் கேட்காத ஆளே இல்லை. இருக்கும், அது எங்கும் போகாது. எப்படி இருக்கும், எங்கெல்லாம் திரும்பி வரும் என்பதை ஒரே வீட்டின் கணக்கை வைத்துச் சொல்கிறேன். பொதுக் காப்புறுதியில் கிளைம் பிரிவில் வேலை செய்தவன் நான், இப்போது தெரிந்தவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதோடு சரி. இந்த வீட்டுக்காரர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன், கொம்பனி பெயரும் வேண்டாம்.

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் பழைய தனி வீடு. முன்பக்கம் கொங்கிரீட் சிலாப், பின்பக்கம் இரண்டு அறையும் குசினியும் அஸ்பெஸ்டஸ் சீட் கூரை. 2017இல் வீட்டைத் திருத்த வங்கியில் கடன் எடுத்தார்கள், வங்கி கேட்டதால் தீக் காப்புறுதிப் பொலிசி ஒன்றும் எடுத்தார்கள், அதில் புயல், கடுங்காற்று, வெள்ளம் எல்லாம் சேர்த்திருந்தது. காப்புறுதித் தொகை 80 இலட்சம். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் பிரீமியம் கட்டினார்களே தவிர அந்தத் தொகையை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 2022இல் ரூபாய் விழுந்து சீமெந்து, கம்பி, சீட் எல்லாம் எங்கேயோ போன நேரத்திலும் பொலிசியில் 80 இலட்சம் அப்படியே இருந்தது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 வீதம் வரைக்கும் போனது, வீட்டுச் சாமான் விலையில் எல்லோரும் அதை உணர்ந்தார்கள், ஆனால் காப்புறுதித் தொகையில் அதைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

2024 ஜூன் மாதம், தென்மேல் பருவக்காற்று பலமாக அடித்த ஒரு இரவில், பக்கத்து வளவு மாமரத்தின் பெரிய கொப்பு முறிந்து பின்பக்கக் கூரையில் விழுந்தது. சீட் நொறுங்கி, இரண்டு வளையும் றீப்பர்களும் முறிந்து, சீலிங் முழுக்க நனைந்து தொங்கியது. ரீவியும் கட்டில் மெத்தையும் போய்விட்டன. அடுத்த நாளே கொம்பனிக்கு அறிவித்தார்கள், பொலிஸில் என்ட்ரி போட்டார்கள், மேசன் பாஸிடம் எஸ்டிமேட் வாங்கினார்கள். கட்டடத்துக்கு மட்டும் 7,50,000 ரூபாய். இதுவரை எல்லாமே ஒழுங்காகத்தான் நடந்தது. பல பொலிசிகளில் சேதம் நடந்தவுடன் அறிவிக்க வேண்டும், 15 நாளுக்குள் எழுத்தில் கோரிக்கை போக வேண்டும் என்று நிபந்தனை இருக்கும், அதையும் இவர்கள் தவறவிடவில்லை.

பிறகு லொஸ் அட்ஜஸ்டர், அதாவது சேதத்தை மதிப்பிடக் கொம்பனி அனுப்புபவர், வந்தார். அளந்தார், படம் எடுத்தார், அன்று காற்று எவ்வளவு அடித்தது என்று வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கை கேட்டார். போகும்போது வீட்டுக்காரரிடம் இரண்டு விஷயம் சொன்னார். ரீவி, மெத்தைக்கு ஒன்றும் கிடைக்காது, ஏனென்றால் இது கட்டடத்துக்கான பொலிசி, வீட்டுச் சாமானுக்கு வேறாக எடுத்திருக்க வேண்டும். (வங்கிக் கடனுக்காக எடுக்கும் பொலிசி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும், வங்கிக்குத் தன் ஈடு பத்திரமாக இருந்தால் போதும், உங்கள் ரீவியைப் பற்றி அதற்குக் கவலை இல்லை.) இரண்டாவது, கட்டடத்துக்கும் முழுத் தொகை வராது, சராசரி விதி வரும்.

இந்தச் சராசரி விதியில்தான் வீடே குழம்பியது. விஷயம் இதுதான்: காணியை விட்டுவிட்டு அந்தக் கட்டடத்தை இன்றைய விலையில் மீளக் கட்ட 2 கோடி ஆகும் என்று அட்ஜஸ்டர் மதிப்பிட்டார். காப்புறுதி செய்திருப்பது 80 இலட்சத்துக்கு. அப்படியென்றால் கட்டடத்தின் 40 வீதத்தைக் கொம்பனியிடம் ஒப்படைத்திருக்கிறீர்கள், மிச்ச 60 வீதத்துக்கு நீங்களே பொறுப்பு. சேதம் சின்னதாக இருந்தாலும் அதே விகிதம்தான். 7,50,000இல் 40 வீதம் 3,00,000. அதிலிருந்து பொலிசியில் சொன்னபடி எக்ஸஸ் (கிளைமில் நாமே ஏற்க வேண்டிய பங்கு) 10 வீதம், அதாவது 30,000 கழிந்தால் கைக்கு வருவது 2,70,000.

வீட்டுக்காரருக்குக் கோபம். ஏழரை இலட்சம் எங்கே, இரண்டே முக்கால் கூட இல்லாத இது எங்கே. அந்தக் கோபம் நியாயமானது, எத்தனையோ வருடம் பிரீமியம் வாங்கிய ஒருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது உண்மை. ஆனால் கோபத்தில் எடுத்த முடிவுதான் கூடச் செலவு வைத்தது.

மனைவியின் தம்பி சொன்னாராம்: "விடுங்கோ அத்தான், இந்தக் காசுக்காகக் கிளைம் எடுத்தால் அடுத்த வருசம் பிரீமியத்தை ஏத்திப்போடுவாங்கள், இல்லாட்டி பொலிசியே தரமாட்டாங்கள். வாபஸ் எடுத்தால் ரெக்கோட் சுத்தமா இருக்கும்." ஏஜன்டும் அதையே சொன்னார், நோ கிளைம் கழிவும் (கிளைம் எடுக்காததற்காகப் பிரீமியத்தில் குறைப்பது) தொடரும் என்றார். இதற்கிடையில் பக்கத்து வீட்டுக்காரரும் வந்து, மரம் தன்னுடையது என்பதால் ஒரு இலட்சம் தருகிறேன், பிரச்சினையை இதோடு முடிப்போம் என்றார். நல்ல மனிதர், பல வருடப் பழக்கம். ஜூலை நடுப்பகுதியில் ஏஜன்ட் அடித்துக்கொண்டு வந்த கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஆங்கிலத்தில் ஐந்து வரி. சாரம்: கோரிக்கையை முழு மனதோடு வாபஸ் பெறுகிறேன், இச்சம்பவம் தொடர்பாக இனி எந்தக் கோரிக்கையும் வைக்கமாட்டேன். பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரு கடதாசி: ஒரு இலட்சம் கிடைத்தது, இனி ஒன்றும் கேட்கமாட்டேன்.

வாபஸ் எடுப்பதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டிருக்க வேண்டும், அதை இங்கே போட்டுக் காட்டுகிறேன். இவர்களுடைய வருடப் பிரீமியம் வரியோடு சுமார் 14,000 ரூபாய். கிளைம் எடுத்ததற்காக 25 வீதம் ஏற்றினாலும் 3,500. நோ கிளைம் கழிவு 10 வீதம் போனால் இன்னும் 1,400. ஆக, மோசமாகப் பார்த்தாலும் வருடத்துக்கு ஐயாயிரத்துக்குக் குறைவு. அந்த ஐயாயிரத்தைக் காப்பாற்ற 2,70,000ஐ விட்டார்கள். அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்க ஐம்பது வருடத்துக்கு மேல் வேண்டும். மோட்டார் காப்புறுதியில் நோ கிளைம் போனஸ் பெரிய தொகை, அதனால் சின்னக் கீறலுக்குக் கிளைம் எடுக்காமல் விடுவதில் அர்த்தம் இருக்கிறது, அந்தப் பழக்கத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவருவதுதான் தவறு. வீட்டுப் பிரீமியம் காருடையதோடு ஒப்பிடுகையில் மிகச் சிறியது, ஏற்றினாலும் சிறியது.

சரி, வாபஸ் கடிதம் போனபின் கொம்பனிக்குள் என்ன நடக்கிறது? நீங்கள் போனில் அறிவித்த அன்றே கிளைம் இலக்கம் விழுந்துவிட்டது. அட்ஜஸ்டரின் அறிக்கை வந்துவிட்டது, படங்களோடு, 2 கோடி மதிப்பீட்டோடு. வாபஸ் என்றால் அந்தக் கோப்பில் 'வாபஸ் பெறப்பட்டது, கொடுப்பனவு இல்லை' என்று நிலை மாறும், அவ்வளவுதான். புதுப்பிக்கும் நேரத்தில் கணினியில் தட்டினால் சம்பவமும் வரும், பழைய சீட் கூரை என்ற குறிப்பும் வரும், காப்புறுதித் தொகை போதாது என்பதும் வரும். லண்டனில் இருக்கும் உறவினர் இதைப் பற்றி வேறு மாதிரிச் சொல்லியிருப்பார், அங்கே 1994 முதல் கொம்பனிகள் எல்லாம் சேர்ந்து கியூ என்ற பொதுத் தரவுத்தளம் வைத்திருக்கின்றன, அமெரிக்காவில் க்ளூ என்ற பதிவில் வீட்டுக் கிளைம்கள் ஏழு வருடம் வரை நிற்கும், ஒரு சதம் கொடுக்காமல் மூடிய கிளைமும் அதில் தெரியலாம். அது அந்த நாடுகளின் ஏற்பாடு. கொழும்பில் இருக்கும் நீங்கள் பார்க்க வேண்டியவை உங்கள் கொம்பனியின் கோப்பும், அடுத்த கொம்பனியின் விண்ணப்பப் படிவமும்தான்.

அந்தப் படிவத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் நவம்பர் மாதம்.

கூரையை அவர்கள் முழுதாகத் திருத்தவில்லை. கையில் இருந்த காசுக்குச் சீட் மாற்றினார்கள், முறிந்த வளைக்குப் பக்கத்தில் ஒரு தாங்கு கொடுத்தார்கள், நனைந்த வயரிங்கைத் தொடவே இல்லை. நவம்பரில் பின்னேர இடிமழை தொடங்கியபோது ஒரு நாள் சீலிங்குக்கு மேலே ஷோர்ட் ஆகிப் புகைந்தது, குசினிப் பக்கச் சீலிங் கருகியது, தாங்கு கொடுத்த இடத்துக்குக் கீழே சுவரில் வெடிப்பு. 1,80,000 ரூபாய் வேலை. மறுபடியும் கொம்பனிக்கு அறிவித்தார்கள். பதில் வந்தது: ஜூன் சேதம் உங்கள் விருப்பத்தின் பேரில் முடிந்த விஷயம், இப்போது வந்திருப்பது திருத்தாமல் விட்டதால் சிறுகச் சிறுக வந்த சேதம், இரண்டுக்கும் கொடுக்க முடியாது.

அப்போதுதான் கோப்பு என்னிடம் வந்தது. வாசித்ததும் எனக்குக் கவலை தந்தது நவம்பர் சேதம் அல்ல, ஏஜன்ட் இதற்கிடையில் வேறு கொம்பனிக்கு நிரப்பி வைத்திருந்த விண்ணப்பப் படிவம். ஜனவரியில் பொலிசி முடிகிறது, 'பழைய கொம்பனி சரியில்லை, மாறுவோம்' என்று முடிவு. படிவத்தில் ஒரு கேள்வி: கடந்த ஐந்து வருடத்தில் இந்தக் கட்டடத்துக்கு இழப்போ சேதமோ ஏற்பட்டதா, கோரிக்கை வைத்தாலும் வைக்காவிட்டாலும்? அதற்கு நேரே 'இல்லை' என்று டிக். வீட்டுக்காரர் வாசிக்காமலே கையெழுத்து. கேட்டபோது ஏஜன்டின் பதில்: "கிளைம்தான் வாபஸ் ஆச்சே ஐயா."

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கிளைம் வாபஸ் ஆகலாம், கொப்பு விழுந்தது வாபஸ் ஆகாது. கேள்வி சம்பவத்தைப் பற்றியது. 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் வந்து, காப்புறுதியே இல்லாததால் ஒரு சதமும் கேட்காதவர் கூட, வெள்ளம் வந்ததுண்டா என்று படிவம் கேட்டால் ஆம் என்றுதான் எழுத வேண்டும். நம் நாட்டில் குடியியல் சட்டக் கட்டளைச் சட்டம் தீ, ஆயுள் காப்புறுதி விஷயங்களுக்கு ஆங்கிலச் சட்டத்தைக் கொண்டுவந்தது, அதோடு முழு நல்லெண்ணம் என்ற கொள்கையும் வந்தது: ஆபத்தைப் பற்றித் தெரிந்த முக்கிய விஷயத்தைக் காப்புறுதி கேட்பவர் மறைக்கக் கூடாது. அந்த 'இல்லை'யோடு பொலிசி வெளிவந்து, நாளைக்கு வீடு முழுக்க எரிந்தால், கொம்பனி முதலில் தேடுவது அந்தக் கேள்வியைத்தான். சின்ன விஷயத்தை மறைக்கப் போய் முழு வீட்டையும் காப்புறுதி இல்லாமல் நிறுத்துவது போல. பொலிசி வெளிவரும் முன்னரே புதிய படிவம் நிரப்பிக் கொடுத்தோம்: ஜூன் சம்பவம், நவம்பர் சம்பவம், கோரியது, வாபஸ் பெற்றது, மறுபடி கேட்பது, எல்லாம் எழுதினோம். புதிய கொம்பனி ஒன்றும் துள்ளிக் குதிக்கவில்லை. வயரிங்கை மாற்றி மின் தொழில்நுட்பவியலாளரின் சான்று தாருங்கள், சீட் கூரைப் பகுதிக்கு எக்ஸஸ் கொஞ்சம் கூட்டுவோம் என்றார்கள். உண்மையைச் சொன்னதற்கு ஆன விலை அவ்வளவுதான்.

அப்புறம் ஜூன் கிளைமைத் திறக்க முயற்சித்தோம். வாபஸ் கடிதத்தில் 'தற்போதைக்கு' என்றோ 'உரிமையை விட்டுக்கொடுக்காமல்' என்றோ ஒரு சொல் இருந்திருந்தால் வேலை சுலபம், அதற்கு நேர்மாறாக இனிக் கேட்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் கைவசம் சில நல்ல விஷயங்கள் இருந்தன. சம்பவம் உரிய நேரத்தில் அறிவிக்கப்பட்டது. அவர்களுடைய அட்ஜஸ்டரே வந்து அளந்து, பொறுப்பை ஏற்றுத் தொகையும் கணித்திருக்கிறார், ஆகவே தாமதத்தால் கொம்பனிக்கு எந்தச் சாட்சியும் தொலையவில்லை. வாபஸுக்காக ஒரு சதமும் கொடுக்கப்படவில்லை. கடிதத்தை அடித்தது அவர்களுடைய ஏஜன்ட். எல்லாவற்றையும் விடப் பெரியது, பொலிசியில் வங்கியின் பெயரும் இருக்கிறது. ஈட்டுக்கு வைத்த வீட்டின் கூரைக்கு வரவேண்டிய பணத்தை வங்கிக்கு ஒரு பிரதி கூட அனுப்பாமல் வீட்டுக்காரர் தனியாக விட்டுக்கொடுத்தது எப்படிச் செல்லும் என்று கேட்டோம். வங்கிக் கிளையிலும் போய்ப் பேசினோம், அவர்கள் கொம்பனிக்கு ஒரு கடிதம் அனுப்பினார்கள். அந்தக் கடிதம் போனபிறகுதான் எதிர்ப்பக்கத்தில் தொனி மாறியது.

நேரமும் முக்கியம். தீக் காப்புறுதிப் பொலிசிகளில் வழமையாக ஒரு நிபந்தனை இருக்கும்: சேதம் நடந்து 12 மாதம் கடந்தால், வழக்கோ நடுத்தீர்ப்போ நடந்துகொண்டிருந்தாலன்றி, கொம்பனிக்குப் பொறுப்பில்லை. எங்களுக்கு 2025 ஜூன் வரைக்கும் இருந்தது, ஜனவரி இறுதியில் கடிதம் கொடுத்தோம். வாபஸ் எடுத்துவிட்டு 'பிறகு பார்ப்போம்' என்று இருக்கிறவர்கள் இந்தத் திகதியைக் கவனிப்பதே இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் தந்த ஒரு இலட்சம் தனிச் சிக்கல். கொம்பனி உங்களுக்குப் பணம் தந்தால், சேதத்துக்குக் காரணமானவரிடம் கேட்க உங்களுக்கு இருந்த உரிமை கொம்பனிக்குப் போகும். நீங்கள் ஏற்கெனவே 'இனி ஒன்றும் கேட்கமாட்டேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டால், கொம்பனியின் கதவையும் சேர்த்தே மூடிவிட்டீர்கள், அதைக் காரணம் காட்டிக் கிளைமை மறுக்கவும் அதற்கு வாய்ப்பிருக்கிறது. இதனால்தான் கிளைம் போய்க்கொண்டிருக்கும்போது யாரிடமும் காசு வாங்கிக் கடதாசி கொடுக்க வேண்டாம், முதலில் கொம்பனிக்கு எழுத்தில் சொல்லுங்கள் என்கிறேன். இந்த வீட்டில் அதிர்ஷ்டம், கொம்பனி அதைப் பெரிதாக்கவில்லை. அந்த ஒரு இலட்சத்தை 2,70,000இலிருந்து முழுதாகக் கழித்து 1,70,000 தருகிறோம் என்றது. அதை நாங்கள் ஏற்கவில்லை. சராசரி விதிப்படி 60 வீதத்துக்கு வீட்டுக்காரரே பொறுப்பு என்றால், வெளியிலிருந்து வந்த பணத்திலும் 60 வீதம் அவருடையதுதானே? கொம்பனியின் பங்கு 40,000. விதி பாதகமாக இருக்கும்போது மட்டும் செல்லும் என்று இருக்க முடியாது. இரண்டு சுற்றுக் கடிதத்துக்குப் பிறகு ஒத்துக்கொண்டார்கள். 2,30,000 ரூபாய், மார்ச்சில், வங்கியின் சம்மதக் கடிதத்தோடு வந்தது.

எப்போது வாபஸ் எடுக்கலாம் என்று கேட்டால், எக்ஸஸுக்கு உள்ளேயே சேதம் அடங்கிவிடும் என்றால் எடுக்கலாம், பொலிசியில் அந்த ஆபத்தே சேரவில்லை என்று தெளிவாகத் தெரிந்தாலும் எடுக்கலாம், மற்றவர் முழுச் சேதத்தையும் ஈடு செய்து கொம்பனியும் அதை எழுத்தில் ஏற்றால் எடுக்கலாம். ஆனால் ஒரு வகை வாபஸைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பில்லில் தொகையைக் கூட்டிப் போட்டுவிட்டு, முன்னமே உடைந்திருந்த பொருளையும் சேர்த்துவிட்டு, அட்ஜஸ்டர் கேள்வி கேட்கத் தொடங்கியதும் பயத்தில் வாபஸ் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். வாபஸ் அந்தப் பொய்யை அழிக்காது, அந்தப் பில் கோப்பிலேயே இருக்கும், பொலிசியை நிறுத்தவும் அதுவே காரணமாகலாம். தெரியாமல் வந்த பிழை என்றால் உடனே எழுத்தில் திருத்துங்கள், சரியான தொகையோடு கிளைமைத் தொடருங்கள். திருத்தம் எழுதியவரைப் பார்க்கும் விதம் வேறு, காணாமல் போனவரைப் பார்க்கும் விதம் வேறு, இதை அந்த மேசையில் இருந்து பார்த்தவனாகச் சொல்கிறேன்.

வாபஸ் எடுத்தே ஆகவேண்டும் என்றால் கடிதத்தை நீங்களே எழுதுங்கள், ஏஜன்ட் கொண்டுவரும் தாளில் கையெழுத்து வேண்டாம். சம்பவ திகதி, கிளைம் இலக்கம், ஏன் வாபஸ் என்ற காரணம், இதே சம்பவத்தால் மறைந்திருக்கும் சேதம் பின்னர் தெரியவந்தால் மீண்டும் கோரும் உரிமையை வைத்துக்கொள்கிறேன் என்ற ஒரு வரி. வங்கிக் கடன் இருந்தால் வங்கிக்குப் பிரதி. கொம்பனி பெற்றுக்கொண்டதாக எழுத்தில் பதில் வாங்குங்கள், அட்ஜஸ்டர் அறிக்கையின் பிரதியையும் கேளுங்கள். அப்படி ஒரு வரி இருந்தால் கட்டாயம் பணம் வரும் என்று இல்லை, ஆனால் பேச இடம் இருக்கும்.

புதிய பொலிசி இப்போது 2 கோடிக்கு, வீட்டுச் சாமானுக்கு வேறாக 15 இலட்சம். பிரீமியம் முன்னையதைவிட இரண்டரை மடங்குக்கு மேல், வீட்டுக்காரர் முணுமுணுத்தாலும் கட்டிவிட்டார். நவம்பர் சேதத்தின் 1,80,000ஐ மட்டும் கொம்பனி இன்னும் மறுக்கிறது. வயரிங் நனைந்தது ஜூன் கொப்பு விழுந்ததால்தான் என்று எங்கள் பக்கம், திருத்தாமல் விட்டது உங்கள் தவறு என்று அவர்கள் பக்கம், இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கொம்பனியின் இறுதி மறுப்பை எழுத்தில் வாங்கிவிட்டோம். கொம்பனிகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும், 2005 முதல் இயங்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், பொலிசிக்காரருக்கு அங்கே செலவில்லை, காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் முறையிடலாம். ஒம்புட்ஸ்மனுக்கான முறைப்பாட்டை மின் தொழில்நுட்பவியலாளரின் அறிக்கையையும் ஜூன் மாதப் படங்களையும் இணைத்து எழுதிக்கொண்டிருக்கிறோம்.